சொட்டும் எண்ணெய், சொல்லாமல் அறும் பெல்ட்

அடுக்குமாடிக் குடியிருப்பு எதிலாவது கார்கள் நிற்கும் இடத்தைக் காலை நேரத்தில் ஒரு சுற்று வந்தால் போதும். எந்தக் காருக்கு எத்தனை வயது என்பதைத் தரையைப் பார்த்தே சொல்லிவிடலாம். புதிய கார்களுக்குக் கீழே தூசி. பழைய கார்களுக்குக் கீழே கறுப்பு வட்டம். தில்லி மயூர் விஹாரோ, மும்பை முலுண்டோ, பெங்களூர் மல்லேஸ்வரமோ, சென்னை மயிலாப்பூரோ, வட்டத்தில் மாற்றமில்லை. சொந்தக்காரர்களும் இரண்டே ரகம். "பழைய வண்டின்னா ஒழுகத்தான் செய்யும்" என்று வட்டத்தின் மேல் ஒரு பிடி மணலைப் போட்டுவிட்டுப் போகிறவர்கள் ஒரு ரகம். பதறியடித்துக்கொண்டு ஒர்க்‌ஷாப்புக்கு ஓட்டிப்போய், "என்ஜினை இறக்கணும் சார்" என்ற ஒரே வரியில் ஒரு மாதச் சம்பளத்தைத் தொலைப்பவர்கள் இன்னொரு ரகம்.

எண்ணெய் எங்கிருந்து வருகிறது என்று இரண்டு ரகமும் பார்ப்பதில்லை. பயமுறுத்துவது சொட்டுகளின் எண்ணிக்கைதான். ஓர் இரவில் 20 சொட்டு விழுந்தால் காலையில் தரை கோரமாகத் தெரியும். ஆனால் 20 சொட்டும் சேர்ந்தால் 1 மில்லி லிட்டரைத் தாண்டாது. இந்தக் கணக்கில் 1 லிட்டர் எண்ணெய் தரையில் வடிய ஏறத்தாழ 3 ஆண்டுகள் ஆகும். (வண்டி ஓடும்போது அழுத்தத்தில் வெளியேறுவது தனிக்கணக்கு. அதை டிப் ஸ்டிக்தான் சொல்லும்.) அதே 20 சொட்டு தரையில் விழாமல் டைமிங் பெல்ட் மேல் விழுந்துகொண்டிருந்தால் விவகாரம் வேறு. பல கார்களில் எண்ணெய்க் கசிவும் பெல்ட் கோளாறும் ஒரே கதையின் முதல் பாகமும் இரண்டாம் பாகமும்தான். முதல் பாகத்தை வீட்டு வாசலிலேயே, மெக்கானிக் இல்லாமல் படித்துவிட முடியும்.

பெல்ட் வந்த கதை

என்ஜினின் ஒரு பக்கத்தில், பிளாஸ்டிக் மூடிக்குள் ஓடும் பல் வைத்த ரப்பர் பட்டைதான் டைமிங் பெல்ட். கீழே க்ராங்க்‌ஷாஃப்ட் 2 சுற்றுச் சுற்றினால் மேலே கேம்ஷாஃப்ட் 1 சுற்றுச் சுற்ற வேண்டும். அந்தக் கணக்குத் தவறாமல் பார்த்துக்கொள்வது இந்தப் பட்டை. நெடுஞ்சாலையில் நிமிடத்துக்கு 3,000 சுற்றில் என்ஜின் ஓடும்போது ஒவ்வொரு வால்வும் விநாடிக்கு 25 முறை திறந்து மூடுகிறது. பல என்ஜின்களில் வால்வு கீழே இறங்கும் இடமும் பிஸ்டன் மேலே ஏறும் இடமும் ஒன்றே. ஒன்று விலகிய பிறகுதான் மற்றது வரும். பெல்ட் அறுந்தால் கேம்ஷாஃப்ட் நின்றுவிடும். க்ராங்க் வேகம் அடங்காமல் இன்னும் சில சுற்றுச் சுற்றும். திறந்தபடி நிற்கும் வால்வுகளைப் பிஸ்டன் வந்து இடிக்கும். வால்வு வளையும், சில சமயம் பிஸ்டனும் உடையும். சில பெட்ரோல் என்ஜின்களில் நடுவே இடைவெளி இருப்பதால் தப்பித்துக்கொள்ளலாம். டீசல் என்ஜின்களில் அந்தச் சலுகை அநேகமாகக் கிடையாது.

கார் என்ஜினில் இந்தப் பல் பட்டையை முதலில் கொண்டுவந்தது 1960-களின் தொடக்கத்தில் வந்த ஜெர்மனியின் கிளாஸ் 1004. 1966-ல் ஃபியட் அதைப் பெரிய அளவில் எடுத்துக்கொண்டது. இந்தியாவில் நடுத்தர வர்க்கத்தின் வீட்டு வாசலுக்கு அது பரவலாக வந்தது 1983 டிசம்பரில், மாருதி 800 மூலம். அதற்கு முன் ஓடிய அம்பாஸடருக்கும் பத்மினிக்கும் டைமிங் செயின்தான். செயின் தேய்ந்தால் கடகடவென்று கத்தும். தெருமுனையில் வரும்போதே மெக்கானிக்குக்குக் கேட்டுவிடும். ரப்பர் பெல்ட் கத்தாது. நேற்று வரை நன்றாக ஓடிய வண்டி இன்று சிக்னலில் நின்றுவிடும். காதை நம்பித் தொழில் பழகிய ஒரு தலைமுறையை ஏமாற்றிய பொருள் அது.

உங்கள் காரில் இருப்பது பெல்ட்டா செயினா என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். மாருதி 800, ஆம்னி, ஜென், எஸ்டீம், ஆல்டோ 800, பழைய வேகன் ஆர், சான்ட்ரோ ஜிங், ஐ10-ன் 1.1 பெட்ரோல், இண்டிகா டீசல், டஸ்டர் டீசல் எல்லாம் பெல்ட் கார்கள். மாருதியின் கே வரிசை பெட்ரோல் என்ஜின்களும், ஸ்விஃப்ட் டீசலில் வந்த ஃபியட் மல்டிஜெட்டும் செயின். பெயர் மட்டும் பார்த்து முடிவுகட்டக் கூடாது. ஸ்விஃப்ட் பெட்ரோலிலேயே 2005-ல் வந்த முதல் மாடலுக்குப் பெல்ட், பின்னால் வந்தவற்றுக்குச் செயின். காருடன் வந்த கையேடுதான் கடைசி வார்த்தை.

ஒரு பழைய செய்தித்தாள் போதும்

கசிவைக் கண்டுபிடிக்கப் பழைய செய்தித்தாள், டார்ச், துணி, கொஞ்சம் மண்ணெண்ணெய், முகப் பவுடர் போதும். இரவில் காரைச் சமதளத்தில் நிறுத்தி, கீழே தாள்களை அகலமாக விரியுங்கள். முன் சக்கரங்கள் இருக்கும் இடத்தையும், கார் எந்தப் பக்கம் பார்க்கிறது என்பதையும் தாளில் குறித்துவிடுங்கள். காலையில் காரை எடுத்த பிறகு தாள் உங்கள் கையில் ஒரு வரைபடமாக இருக்கும்.

முதலில் விழுந்தது எண்ணெய்தானா? பழுப்பு, கறுப்பு நிறத்தில் வழவழப்பாக இருந்தால் என்ஜின் ஆயில். பச்சை, சிவப்பு, ஆரஞ்சு நிறத்தில் தண்ணீர்போல இருந்து இனிப்பு வாசம் வந்தால் கூலன்ட். கெட்டியாக, கந்தக நாற்றத்துடன் இருந்தால் கியர் ஆயில். சக்கரத்தின் உட்பக்கத்தில் வெளிர் மஞ்சளாக வழுக்கினால் பிரேக் ஆயில். அன்றைக்கு அந்த வண்டியை எடுக்கவே கூடாது.

என்ஜின் ஆயில்தான் என்றால், எந்தப் பக்கம் என்று பாருங்கள். இன்றைய முன்சக்கர இழுவைக் கார்களில் என்ஜின் குறுக்காக உட்கார்ந்திருக்கும். ஒரு முனையில் கியர்பாக்ஸ், மறுமுனையில் டைமிங் பெல்ட். கியர்பாக்ஸும் என்ஜினும் சேரும் இடத்தில் சொட்டினால் க்ராங்கின் பின்பக்க ஆயில் சீல் மீது சந்தேகம் விழும். அதை மாற்ற கியர்பாக்ஸை இறக்க வேண்டும் என்பது உண்மைதான். நடுவில் சொட்டினால் ஆயில் ஃபில்டர், வடிகால் போல்ட்டின் வாஷர், அடிச்சட்டியின் பேக்கிங் ஆகியவற்றில் ஒன்று. இவை சில்லறை வேலைகள். பெல்ட் பக்கம் சொட்டினால் உட்கார்ந்து யோசிக்க வேண்டும்.

தாள் காட்டுவது எண்ணெய் விழுந்த இடத்தை மட்டுமே. எண்ணெய் கீழ்நோக்கி வழியும். வண்டி ஓடும்போது காற்று அதைப் பின்னுக்குத் தள்ளும். அடிச்சட்டியில் சொட்டும் எண்ணெய் இரண்டடி மேலேயிருந்து வந்திருக்கலாம். இங்கேதான் பலரும் ஏமாறுகிறார்கள். அடிச்சட்டி நனைந்திருக்கிறது என்று அதன் பேக்கிங்கை இரண்டு முறை மாற்றிவிட்டு, மூன்றாம் முறை டேப்பட் கவரைப் பார்க்கிறார்கள். சரியான வழி மேலிருந்து கீழே பார்ப்பது. ஈரம் தொடங்கும் மிக உயரமான இடம் எதுவோ, அதுதான் குற்றவாளி.

என்ஜின் நன்றாக ஆறியபின் பானெட்டைத் திறந்து, மண்ணெண்ணெய் தோய்த்த துணியால் பழைய அழுக்கைத் துடையுங்கள். பெல்ட் பக்கம் மட்டும் அந்தத் துணி போகக் கூடாது. ரப்பருக்கு மண்ணெண்ணெயும் எமன்தான். வாட்டர் சர்வீஸ் குழாயை என்ஜின் மேல் பீய்ச்சுவதும் வேண்டாம். இப்போதைய கார்களில் ஒயர் இணைப்புகளுக்குள் தண்ணீர் புகுந்தால் கசிவை விடப் பெரிய தலைவலி வரும். துடைத்த இடம் காய்ந்ததும் சந்தேகமான இணைப்புகளின் மேல் பவுடரை மெல்லத் தூவி, பத்து இருபது கிலோமீட்டர் ஓட்டிவிட்டு வந்து டார்ச் அடித்துப் பாருங்கள். வெள்ளைப் பரப்பில் எண்ணெய் ஒரு கோடு போட்டிருக்கும். கோட்டின் மேல்முனை கசிவின் ஊற்று.

அடியில் குனிந்து பார்க்க வேண்டியிருந்தால் காரின் ஜாக்கியை மட்டும் நம்பி உள்ளே தலையை நீட்டாதீர்கள். அது ஸ்டெப்னி மாற்றுவதற்கு; மனிதன் படுப்பதற்கு அல்ல.

வயதான பெட்ரோல் கார்களில் அடிக்கடி அகப்படும் ஆள் டேப்பட் கவர் பேக்கிங். வெப்பத்தில் ரப்பர் இறுகி, பிளாஸ்டிக்போல் ஆகிவிடும். இதை மாற்ற என்ஜினை இறக்க வேண்டியதில்லை. கையில் சின்ன ஸ்பேனர் பிடிக்கத் தெரிந்தவர் ஒரு ஞாயிற்றுக்கிழமையில் முடிக்கக்கூடிய வேலை. ஒழுகுகிறதே என்று போல்ட்டைப் பலம் கொண்ட மட்டும் முறுக்குவதுதான் ஆபத்து. கவர் வளைந்து இன்னும் அதிகமாக ஒழுகும். பேக்கிங்குக்குப் பதிலாக சிலிக்கான் பசையை அப்புகிறவர்களும் உண்டு. உள்பக்கம் பிதுங்கிய பசை உதிர்ந்து அடிச்சட்டிக்குப் போய் ஆயில் பம்பின் வலையை அடைக்கும். மேலே கசிவை நிறுத்தி, கீழே எண்ணெய்ப் பட்டினி போடும் வைத்தியம் அது. டேப்பட் கவர் கசிவு சைலன்ஸர் தொடங்கும் சூடான குழாய்ப் பக்கம் வழிந்தால் தள்ளிப்போடவே கூடாது. வண்டிக்குள் எண்ணெய் கருகும் வாசம் வந்தால் அதன் பொருள் இதுதான். தீப்பிடிக்கவும் வாய்ப்பு உண்டு.

இன்னொரு மறைந்த குற்றவாளி, பிசிவி வால்வு என்ற விரல் அளவுச் சாமான். என்ஜினுக்குள் சேரும் புகையை உறிஞ்சி மீண்டும் எரிய அனுப்புவது இதன் வேலை. இது அடைத்துக்கொண்டால் உள்ளே அழுத்தம் ஏறி, நல்ல சீல்கள் வழியாகக்கூட எண்ணெயை வெளியே தள்ளும். புது சீல் போட்ட மூன்றாம் மாதமே மறுபடியும் கசிவு என்று மெக்கானிக்கோடு சண்டை போடுகிறவர்கள் இதைப் பார்க்கச் சொல்ல வேண்டும். வீட்டில் ஒரு சோதனை: பெட்ரோல் என்ஜின் மெதுவாக ஓடும்போது எண்ணெய் ஊற்றும் மூடியைக் கழற்றி, அந்த வாயின் மேல் ஒரு தாளை வையுங்கள். தாள் லேசாக உள்ளே இழுக்கப்பட்டால் நல்லது. புகையோடு தூக்கி எறியப்பட்டால் வால்வு அடைத்திருக்கலாம். அல்லது பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கலாம்.

டிப் ஸ்டிக்கில் அளவு குறைகிறது, தாளில் ஒரு சொட்டும் இல்லை என்றால் எண்ணெய் எரிந்து போகிறது. காலையில் முதல் ஸ்டார்ட்டில் நீலப் புகை வருகிறதா என்று பாருங்கள். வாரம் ஒருமுறை, ஒரே இடத்தில், ஆறிய என்ஜினில் அளவு பார்த்துத் தேதியோடு எழுதி வைப்பது எந்த மெக்கானிக்கின் ஊகத்தையும் விட மேல். பெரும்பாலான சிறிய கார்களில் மேல்கோட்டுக்கும் கீழ்கோட்டுக்கும் உள்ள வித்தியாசம் சுமார் 1 லிட்டர். ஓட்டும்போது சிவப்பு ஆயில் விளக்கு எரிந்தால் கணக்கெல்லாம் வேண்டாம். ஓரமாக நிறுத்தி என்ஜினை அணைத்துவிடுங்கள்.

மூடிக்குள்ளே

ஈரம் பெல்ட் பக்கம் என்றால் சந்தேகத்துக்குரியவர்கள் இருவர். மேலே கேம்ஷாஃப்ட்டின் ஆயில் சீல், கீழே க்ராங்க்‌ஷாஃப்ட்டின் முன்பக்க ஆயில் சீல். இரண்டும் பெல்ட் ஓடும் மூடிக்குள்ளேயே இருக்கின்றன. அவை கசிந்தால் முதலில் நனைவது பெல்ட்தான். எண்ணெய் ஊறிய ரப்பர் உப்பி, மிருதுவாகி, பற்களை விட்டுவிடும். 1,00,000 கிலோமீட்டர் வரை தாங்கும் என்று கையேடு சொல்லும் பெல்ட், அதில் பாதிகூடப் போகாமல் முடியலாம். எண்ணெயில் நனைந்த பெல்ட்டைத் துடைத்துவிட்டு மறுபடியும் ஓட்டலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். சீலை மாற்றினால் பெல்ட்டையும் மாற்றியே ஆக வேண்டும்.

பல கார்களில் மேல் மூடி மூன்று நான்கு போல்ட்டிலோ கிளிப்பிலோ நிற்கும். என்ஜின் ஆறியிருக்க வேண்டும், சாவி சட்டைப்பையில் இருக்க வேண்டும், பேட்டரியின் நெகட்டிவ் ஒயரைக் கழற்றியிருக்க வேண்டும். மூடியைத் தளர்த்தி டார்ச் அடித்தால் பெல்ட்டின் ஒரு பகுதி தெரியும். முதுகில் வெடிப்பு, ஓரத்தில் பிரியும் நூல், பற்களின் அடியில் கீறல், கண்ணாடிபோன்ற பளபளப்பு, எண்ணெய் ஈரம், இவற்றில் எது இருந்தாலும் பெல்ட்டின் காலம் முடிந்தது. மூடிக்குள் கறுப்புப் பொடி குவிந்திருந்தால் பெல்ட் எதிலோ உரசுகிறது. பார்த்ததும் மூடியை மாட்டிவிடுங்கள். மூடியில்லாமல் என்ஜினை ஓட்டிப் பார்க்கும் ஆசை வேண்டாம். துப்பட்டாவும் சட்டைக் கையும் போய்ச் சிக்கும் இடம் அது.

எதுவும் தெரியவில்லை என்றால் பெல்ட் நன்றாக இருக்கிறது என்று அர்த்தமா? இல்லை. இன்றைய பெல்ட்களின் ரப்பர் பழைய நியோப்ரீனைப்போல வெடித்துக் காட்டாது. புதிதுபோலவே இருக்கும் பெல்ட்டின் உள்ளே கண்ணாடி இழைகள் அற்றுக்கொண்டிருக்கலாம். கண்ணால் பார்ப்பது கெட்ட பெல்ட்டைக் காட்டிக்கொடுக்கும். நல்ல பெல்ட்டுக்குச் சான்றிதழ் தராது. அதனால்தான் கையேடு கிலோமீட்டரோடு ஆண்டுக் கணக்கையும் சொல்கிறது. எது முதலில் வருகிறதோ அதுவே கெடு.

காதால் கேட்பதிலும் ஒரு குழப்பம் உண்டு. காலையில் ஸ்டார்ட் செய்ததும் "கீ...ச்" என்று கத்துவது பெரும்பாலும் டைமிங் பெல்ட் அல்ல, வெளியே தெரியும் ஆல்டர்னேட்டர் பெல்ட். அதைத்தான் பலரும் ஃபேன் பெல்ட் என்கிறார்கள். "போன வருஷம்தான் பெல்ட் மாத்தினேன்" என்று சொல்பவரிடம் எந்தப் பெல்ட் என்று கேட்டுப்பாருங்கள். பாதிப்பேர் காட்டுவது இதைத்தான். மூடிக்குள்ளிருந்து வேகத்தோடு சேர்ந்து ஏறி இறங்கும் ஊளைச் சத்தம் வந்தால் டென்ஷனரின் பேரிங்கோ வாட்டர் பம்போ தேய்ந்திருக்கலாம். அது அலட்சியப்படுத்தக் கூடாத சத்தம். டென்ஷனர் இறுகி நின்றாலும் பெல்ட் அறும்.

பெல்ட் அறாமல் ஒரு பல் மட்டும் நழுவினால் வண்டி ஓடும், ஆனால் உயிர் இருக்காது. பிக்கப் குறையும், மைலேஜ் விழும், நிற்கும்போது நடுங்கும், ஸ்டார்ட் ஆக அடம்பிடிக்கும். புதிய கார்களில் செக் என்ஜின் விளக்கும் எரியலாம். ஸ்டியரிங்குக்குக் கீழே செருகி மொபைலில் படிக்கும் ஓபிடி கருவி இருந்தால், அதில் பி0016 என்ற எண் வருகிறதா என்று பாருங்கள். க்ராங்கும் கேமும் ஒத்துப்போகவில்லை என்பதற்கான குறியீடு அது. சென்ஸார் கோளாறிலும் வரலாம். ஆனாலும் பெல்ட்டைப் பார்க்கும் வரை ஓட்டுவது சூதாட்டம்.

நடுரோட்டில் நின்றால்

பெல்ட் அறுந்தால் சத்தமில்லாமல் என்ஜின் நிற்கும். பிரேக் மிதி இறுகும், பவர் ஸ்டியரிங் கனக்கும்; வண்டி உருளும்போதே ஓரம் கட்டிவிட வேண்டும். சாவியைத் திருப்பினால் ஸ்டார்ட்டர் வழக்கத்தைவிட வேகமாக, தடையே இல்லாமல் "விர்ர்" என்று சுற்றும். உள்ளே காற்று அழுந்தவில்லை என்பதன் அடையாளம் அது. இந்தச் சத்தம் கேட்டால் இரண்டாவது முறை சாவியைத் திருப்பாதீர்கள். வழியில் போகிறவர்கள் நல்ல மனதோடு வந்து தள்ளுவார்கள், "செகண்ட் கியர்ல விடுங்க சார்" என்பார்கள். மறுத்துவிடுங்கள். ஒவ்வொரு சுற்றும் இதுவரை தப்பியிருந்த வால்வையும் வளைக்கலாம். கயிறு கட்டி இழுப்பதானால் கியர் நியூட்ரலில் இருக்க வேண்டும்.

செலவு வித்தியாசமும் இங்கேதான். கெடுவுக்கு முன் மாற்றினால் பெல்ட், டென்ஷனர், இரண்டு சீல், கூலி என்று பில் சில ஆயிரங்களில் முடியும். அறுந்தபின் போனால் ஹெட் இறங்கும், வால்வுகள் மாறும், பில் பல மடங்காகும். பழைய காராக இருந்தால் காரின் விலையையே தொட்டுவிடும்.

இந்த ஆபத்து அதிகம் காத்திருப்பது செகண்ட் ஹாண்ட் கார் வாங்குகிறவர்களுக்கு. தில்லி வட்டாரத்தில் 10 ஆண்டைத் தாண்டிய டீசல், 15 ஆண்டைத் தாண்டிய பெட்ரோல் வண்டிகள் ஓடக் கூடாது என்ற பசுமைத் தீர்ப்பாயத்தின் 2014, 2015 உத்தரவுகளை 2018-ல் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது. அதன் விளைவாக ஏராளமான கார்கள் வெளி மாநிலங்களுக்கு விலைபோயின. "ஒரே ஓனர், 40,000 கிலோமீட்டர்தான் ஓடியிருக்கு" என்பது விற்பவரின் பெருமை. மீட்டரைத் திருப்பவில்லை என்றே வைத்துக்கொண்டாலும், ஒன்பது ஆண்டு வெயிலிலும் சூட்டிலும் கிடந்த ரப்பருக்குக் கிலோமீட்டர் தெரியாது. பெல்ட் மாற்றிய பில் கையில் இல்லையென்றால் மாற்றப்படவில்லை என்றே கொள்ளுங்கள். பேரத்தில் அந்தத் தொகையைக் குறைத்துக் கேளுங்கள். விற்பதற்கு முந்தின நாள் கழுவிப் பளபளப்பாக்கிய என்ஜினைப் பார்த்து மயங்கவும் வேண்டாம். கசிவின் தடயமெல்லாம் அந்தத் தண்ணீரோடு போயிருக்கும். ஒரு வாரம் கழித்து மறுபடியும் பார்க்கக் கேளுங்கள்.

எண்ணெய்க்குள்ளேயே ஓடும்படி செய்யப்பட்ட பெல்ட்டும் உண்டு. 2013-ல் வந்த ஈகோஸ்போர்ட்டின் 1.0 ஈகோபூஸ்ட் என்ஜினில் இருப்பது இந்த ரகம். அதற்கு எண்ணெய் எதிரியல்ல, தவறான எண்ணெய்தான் எதிரி. கையேடு சொல்லாத ஆயிலை ஊற்றினாலோ, மாற்றாமல் நாள் கடத்தினாலோ பெல்ட் துகள்துகளாக உதிர்ந்து ஆயில் பம்பின் வலையை அடைக்கும்.

பெல்ட் மாற்றுவதை வீட்டில் செய்யலாமா? பலர் செய்கிறார்கள். ஆனால் புள்ளிகளை ஒரு பல் தவறிச் சேர்த்தால் என்ன ஆகும் என்று மேலே சொல்லியாகிவிட்டது. கண்டுபிடிக்கும் வேலையை வீட்டோடு நிறுத்திக்கொண்டு, மாற்றும் வேலையைத் தெரிந்தவரிடம் விடுவதே உத்தமம். போகும்போது "சார், ஆயில் ஒழுகுது" என்று சொல்லாமல் "கேம் சீல் கசிகிறது, பெல்ட் பக்கம் ஈரம்" என்று சொல்லிப்பாருங்கள். என்ஜினை இறக்கும் பேச்சு அநேகமாக எழாது. பெல்ட்டோடு டென்ஷனர், ஐட்லர், கேம் சீல், க்ராங்க் சீல் எல்லாவற்றையும், பெல்ட்டே சுழற்றும் வாட்டர் பம்பாக இருந்தால் அதையும், ஒரே தடவையில் மாற்றச் சொல்லுங்கள். சாமான்களின் விலை கூடும். பிரித்து மாட்டும் கூலி ஒரு முறைதான். தில்லி காஷ்மீரி கேட்டிலும், கொல்கத்தா மல்லிக் பஜாரிலும், பெங்களூர் ஜே.சி. ரோட்டிலும், சென்னை புதுப்பேட்டையிலும் எந்தச் சாமானும் கிடைக்கும், டூப்ளிகேட்டும் கிடைக்கும். இந்த ஒரு சாமானில் மலிவு பார்க்காமல், கம்பெனி டீலரிடம் பில்லோடு வாங்குங்கள்.

வேலை முடிந்ததும் கழற்றிய பெல்ட்டையும் சீல்களையும் டென்ஷனரையும் கேட்டு வாங்கிப் பாருங்கள். பெல்ட் மட்டும் வந்து டென்ஷனர் வரவில்லை என்றால், அது இன்னும் உள்ளேதான் இருக்கிறது. மூடியின் மேல் தேதியையும் கிலோமீட்டரையும் அழியாத மையால் எழுதிவிடுங்கள். அன்று இரவே கீழே ஒரு செய்தித்தாளையும் விரித்துவிடுங்கள். புது சீலைச் சோதிக்க அதைவிட மலிவான கருவி கிடையாது.